நான்கு கால் வால்யூமும் ஒரு குங்குமப் பொட்டும்

அப்பாவின் ரிசீவரில் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பாட்டுப் பெட்டி) வலது பக்கம் முதலில் போனது விடியற்காலையில்தான். பகலில் சத்தமாக வைத்தால் இரண்டு ஸ்பீக்கரும் பாடும். காலை ஐந்து மணிக்கு அம்மா எழுந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி மெதுவாக வைத்தால் வலது பக்கம் வராது. குமிழை லேசாகத் தட்டினால் 'கர்ர்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் பாடும். மறுபடியும் போய்விடும்.

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே, மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தனின் ஊர் என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அந்த ஜப்பான் ரிசீவரை மாதத் தவணையில் வாங்கி லயத்து வீட்டில் வைத்திருந்தார். பிறகு கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது, லயமும் காலியானது, நாங்கள் டவுனில் ஒரு தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்தோம். ரிசீவரும் கூடவே வந்தது. அப்பா தவறிய பிறகு அதைப் போடுவது அம்மா மட்டும்தான். அதனால்தான் இதை எப்படியாவது சரிசெய்தாக வேண்டும் என்று இறங்கினேன். எனக்குத் தொழில் வீட்டு வயரிங். சோல்டரிங் தெரியும், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். ஆடியோ எனக்குப் புதிது.

வால்யூம் பாட் தேய்ந்திருக்கிறது என்பது தெளிவு. பொட்டென்ஷியோமீட்டர் என்பது முழுப்பெயர். கடையில் 'பாட்' என்றோ 'வால்யூம்' என்றோ கேட்டால் போதும். ரிசீவரைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பாட்டின் முதுகில் 100 கே (ஒரு லட்சம் ஓம் மின்தடை) என்று மட்டும் படிக்க முடிந்தது. மற்றது துருவில் அழிந்துவிட்டது. அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். கடைத் தவுக்கே (முதலாளி) ஒரு பெட்டியை இழுத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரே தண்டில் ஓடும் இரட்டை 100 கே பாட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விலை நான்கு வெள்ளி (ரிங்கிட்). மகிழ்ச்சியாகத் திரும்பினேன்.

வீட்டில் அதை ஒயர் போட்டுத் தற்காலிகமாக இணைத்துப் பார்த்தால், குமிழைக் கால்பங்கு திருப்புவதற்குள் முழுச் சத்தமும் வந்துவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு திருப்பினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அம்மா கேட்கும் அந்த மெல்லிய சத்தத்தைப் பிடிக்க, குமிழை ஒரு மயிரிழை நகர்த்த வேண்டியிருந்தது.

வாங்கிய பாட்டின் முதுகில் 'பி' என்ற எழுத்து இருந்தது. அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. எண் மட்டும் போதாது, அந்த எழுத்தும் வேண்டும். இன்று ஆசியத் தயாரிப்புகளில் 'பி' என்றால் நேர்விகிதம்: பாதி திருப்பினால் பாதி மின்தடை. 'ஏ' என்றால் மடக்கை விகிதம், லாக் என்பார்கள். அதில் பாதி திருப்பும்போது மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் வரும். நம் காது சத்தத்தை உணர்வதும் மடக்கைக் கணக்கில் என்பதால் வால்யூமுக்கு 'ஏ' போடுகிறார்கள். பழைய ஐரோப்பிய சாமான்களில் இது தலைகீழாகவும் இருக்கும், அங்கே 'ஏ' என்பதே நேர்விகிதம். ஆகவே எழுத்தைப் படித்தாலும் மீட்டரை வைத்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வழி எளிது. தண்டை நம் பக்கம் பார்க்கவைத்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது கால் 1, நடுக்கால் 2, வலது கால் 3. முதலில் 1க்கும் 3க்கும் நடுவே மொத்தத்தை அளக்க வேண்டும். அப்புறம் குமிழைச் சரியாகப் பாதியில் நிறுத்தி 1க்கும் 2க்கும் நடுவே அளக்க வேண்டும். மொத்தம் 100 கே இருந்து, பாதியில் 50 கே வந்தால் நேர்விகிதம். 10, 15 கே வந்தால் லாக். போர்டில் இருக்கும்போதே அளந்தால் சுற்றியுள்ள சாமான்களும் சேர்ந்து தப்பான எண் வரும். கழற்றித்தான் அளக்க வேண்டும்.

இதை ஈப்போவுக்குப் போகும் முன்பே செய்திருக்க வேண்டும். பழைய பாட்டை முழுதாகக் கழற்றினேன். ஒரு பக்கத்துக்கு மூன்று கால் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கால் இருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு.

அந்த நான்காவது கால் எதற்கு என்று கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆனது. அது கார்பன் தடத்தின் ஓரிடத்திலிருந்து வெளியே எடுத்த ஒரு கிளை. அதிலிருந்து ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் முன்பக்கத்து 'லவுட்னஸ்' பொத்தானுக்குப் போகின்றன. சத்தம் குறையக் குறைய நம் காதுக்குத் தாழ்ந்த ஸ்வரங்கள் சரியாகக் கேட்காது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். லவுட்னஸ் பொத்தானை அழுத்தினால், மெதுவாக வைக்கும்போது மட்டும் பேஸ் கூடும். விடியற்காலையில் மெதுவாக வைத்தாலும் அப்பாவின் ரிசீவரில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கேட்டதற்கு இந்தக் கால்தான் காரணம்.

அப்புறம் தேடல் தொடங்கியது. கோலாலம்பூரில் ஜாலான் பாசார் என்றால் எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போய், கடை கடையாகப் பழைய பாட்டைக் காட்டினேன். மூன்று கால் உண்டு, நான்கு கால் இல்லை. ஒரு வயதான தவுக்கே அதைக் கையில் வாங்கித் தண்டைச் சுழற்றிப் பார்த்து, "இது இப்போ யாரும் செய்றதில்ல, போஸ்" என்றார். நன்றாக இருக்கும் என்று ஆல்ப்ஸ் கம்பெனியின் நீல நிறப் பெரிய பாட் ஒன்றைக் காட்டினார். அருமையான சாமான்தான். ஆனால் அகலம் 27 மில்லிமீட்டர். ரிசீவரின் முகப்புக்கும் போர்டுக்கும் இடையே அது நுழையாது. நுழைந்தாலும் அதில் நான்காவது கால் கிடையாது.

இணையத்தில் ஒன்று வாங்கினேன். படத்தில் 'ஏ' என்று இருந்தது, வந்ததிலும் 'ஏ' என்றே அச்சடித்திருந்தது. மீட்டரில் பாதிக்குப் பாதி காட்டியது. வேறொருவரிடம் வாங்கியது உண்மையிலேயே லாக்தான், ஆனால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. குமிழைக் கீழ்ப்பகுதியில் ஒரே இடத்தில் நிறுத்தி அளந்தால் ஒரு பக்கம் 2.1 கே, இன்னொரு பக்கம் 3.4 கே. கணக்குப் போட்டால் நான்கு டெசிபலுக்கு மேல் வித்தியாசம். பாடுகிறவர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். இரட்டைப் பாட் வாங்கினால் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். மொத்த மதிப்பு 20 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அது வழக்கம்தான், கவலையில்லை. கீழ்ப்பகுதி ஒத்துப்போவதுதான் முக்கியம்.

எங்கள் டவுனில் முன்பு ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மாமா ஒருவர் இருக்கிறார். கடையை மூடி வருடங்கள் ஆகின்றன. கடைசியில் அவரிடம் போனேன். நான் வாங்கிச் சேர்த்த புது வால்யூம் பாட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பினேன். அவர் அவற்றைப் பார்க்கவேயில்லை.

"பழசு எங்கே தம்பி? தூக்கிப் போட்டுடலையே?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கடியில் பிடித்தார். "இத திறந்து பாத்தியா?" என்றார். பாட்டைத் திறக்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

முதலில் உடல் முழுக்க ஒரு ஆணியால் நேர்கோடு கீறினார், மறுபடி பூட்டும்போது எது எந்தப் பக்கம் என்று தெரிவதற்கு. பின்பக்கத்தில் நான்கு தகர நாக்குகள் மடங்கியிருந்தன. சின்ன ஸ்குரூடிரைவரால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். ஒரே மூச்சில் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும், மறுபடி மடக்கும்போதும் அப்படித்தான் என்றார். நாக்குகள் விட்டதும் பழுப்பு நிறத் தகடு தனியாக வந்தது. அதில் குதிரை லாடம்போல் கறுப்புக் கார்பன் தடம். தடத்தின் நடுவே பளபளவென்று ஒரு கோடு, தொடர்பு நகம் பல வருடம் ஓடிய வழி. தொடக்கத்தில், அதாவது அம்மா வைக்கும் அந்த மெல்லிய சத்தத்தின் இடத்தில், அந்தக் கோடு பழுப்பாகத் தேய்ந்து கார்பனே இல்லாமல் இருந்தது. அப்பாவும் அம்மாவும் தினமும் காலையில் நிறுத்திய இடம் எது என்று அந்தத் தகட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"பாரு, மத்த இடமெல்லாம் புதுசா இருக்கு" என்றார் மாமா. தடம் மூன்று மில்லிமீட்டர் அகலம் இருக்கும். தேய்ந்தது அதில் நூல் போன்ற ஒரு கோடு மட்டும். தடத்தின் மீது பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, அழுத்தாமல் ஒத்தி எடுத்தார். கறுப்பாக வந்தது. நகத்தில் பச்சையாகக் களிம்பு. அதையும் துடைத்தார். பிறகு கிடுக்கியால் நகத்தின் விரல்களை அரை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாகத் தள்ளினார், தேயாத கார்பன் மேல் ஓடும்படி. மேல்நோக்கி வளைக்கவில்லை. அழுத்தம் கூடினால் தடத்தைச் சுரண்டிவிடுமாம். தண்டில் இருந்த கெட்டிக் கிரீஸைத் தொடவே விடவில்லை. குமிழ் திருப்பும்போது கைக்கு அந்தக் கனமான வழுக்கல் வருவது அந்தக் கிரீஸால்தான். ஸ்பிரேயைக் கண்டபடி அடித்தால் அது கரைந்து தடத்தில் இறங்கிவிடும்.

பூட்டி அளந்தோம். மொத்தம் ஒரு பக்கம் 104 கே, மறுபக்கம் 108 கே. கீழ்ப்பகுதியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நகர்ந்தன. நான் மூன்று வாரம் தேடிய நான்கு கால் பாட் என் பையிலேயே இருந்திருக்கிறது.

தடம் முழுக்க வெடித்துப் போயிருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. அப்போதும் பழசைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. ஒரே உடல் அளவுள்ள புதுப் பாட் கிடைத்தால் அதன் தகட்டை எடுத்துப் பழைய தண்டிலும் உடலிலும் பூட்டலாம். நான் அதற்குப் பிறகு ஒரு கேசட் டெக்கில் அப்படிச் செய்தேன், தண்டின் நீளமும் பல்லும் பழசுபோலவே அமைந்தன. நான்காவது காலுக்கு வழியே இல்லை என்றால், அதில் சேரும் ஒயரைத் தனியாக விட்டுவிட்டு மூன்று கால் பாட்டைப் போடலாம். லவுட்னஸ் மட்டும் வேலை செய்யாது, பாட்டு வரும்.

தை மாதம் கோயில் தலைவர் வந்தார். தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆம்ப்ளிஃபையரை லோரியில் ஏற்றி வந்து என் வாசலில் இறக்கினார். "தம்பி, திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கு. ஐயர் மைக் கரகரன்னு கத்துது."

மூடியைத் திறந்தால் விபூதி. சாம்பிராணிப் புகை கறுப்பாகப் படிந்து, அதன்மேல் விபூதி மாவாக உறைந்திருந்தது. மூலையில் இரண்டு பல்லி முட்டை. யாரோ முன்பு துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெயை மைக் பாட்டில் அடித்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் சத்தம் நின்றிருக்கும், அப்புறம் எண்ணெயில் விபூதி ஒட்டிப் பசையாகிவிட்டது. அதை நாள்கணக்கில் கழுவிப் பார்த்தேன், தடம் உரிந்தே வந்துவிட்டது. காய்ந்த தூசு என்றால் கான்டாக்ட் கிளீனர் ஓரிரு சொட்டு விட்டு இருபது முப்பது முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம்.

உரிந்து போவதற்கு முன்பே அதை அளந்து எழுதி வைத்திருந்தேன். அந்தப் பாடத்தை ஈப்போ பயணத்தில் கற்றுக்கொண்டாயிற்று. மொத்தம் 49 கே, பாதியில் 7.4 கே. அதாவது 15 சதவீதம், லாக், ஒற்றைப் பாட். ஈப்போவில் அதே உடலில் லாக் இல்லை, 50 கே நேர்விகிதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாசார் காராட்டில் (பழைய சாமான் சந்தை) பழைய கரோக்கே மிக்சர் ஒன்றைப் பத்து வெள்ளிக்கு வாங்கிப் பிரித்தேன், அதிலும் கிடைக்கவில்லை. (அந்த மிக்சரிலிருந்து எடுத்த பாட்டுகள் பிறகு மூன்று பேருக்கு உதவின. பழைய சாமான் வாங்குகிறவர்கள் குமிழ் நிறைய இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.)

மாமாவிடம் கேட்டேன். நேர்விகிதப் பாட்டின் 1, 2 கால்களுக்கு இடையே ஒரு ரெசிஸ்டர் போட்டால் லாக்போல நடக்கும் என்றார். வீட்டில் கணக்குப் போட்டேன். பாதி திருப்பில் மேல்பாதி 25 கே, கீழ்பாதி 25 கே. கீழ்பாதியோடு 10 கே இணையாகச் சேர்ந்தால் 7.1 கே ஆகும். மேல்பாதியோடு கூட்டினால் 32.1 கே. 7.1ஐ 32.1ஆல் வகுத்தால் 22 சதவீதம். பழசு 15தானே. அடுத்து 5.6 கே போட்டுப் பார்த்தேன்: 4.6ஐ 29.6ஆல் வகுத்தால் 15.5. அதுதான் வேண்டியது.

இதில் இரண்டு குறை உண்டு. ஒன்று, நடுவரைக்கும் பழசுபோல் நடந்தாலும் கடைசிக் கால்பங்கில் சத்தம் விறுவிறுவென ஏறும். இன்னொன்று, குமிழை முழுக்கத் திருப்பினால் முந்தைய சர்க்கியூட்டுக்கு 50 கே சுமைக்குப் பதில் ஏறக்குறைய 5 கே சுமை தெரியும். இந்த ஆம்ப்ளிஃபையரில் வால்யூம் பாட்டுக்கு முன்னால் இருந்தது 4558 ஐசி (சத்தத்தைப் பெருக்கும் சில்லு), அது அந்தச் சுமையைத் தாங்கும். வால்வு செட்டில் இப்படிச் செய்யாதீர்கள். ஸ்டீரியோவில் செய்தால் இரண்டு ரெசிஸ்டரும் ஒரு சதவீதத் துல்லியம் உள்ளதாக இருக்கட்டும். இது வால்யூமுக்கு மட்டும். பேஸ், ட்ரெபிள் பாட்டுகள் பெரும்பாலும் நேர்விகிதம்தான், அவற்றை அப்படியே மாற்றலாம். பேலன்ஸ் பாட்டில் 'எம்என்' என்று இருந்தால் நடுவில் நிற்கும்போது இரண்டு பக்கமும் குறையாத வகை அது. அதன் இடத்தில் சாதாரண நேர்விகிதம் போட்டால் நடுவில் ஆறு டெசிபல் குறையும்.

புதுப் பாட்டின் தண்டு நீளம். அறுக்கும்போது தண்டை வைஸில் பிடித்தேன், உடலை அல்ல. உடலைப் பிடித்தால் அதிர்ச்சி உள்ளே போகும். அரத்தூள் உள்ளே விழாமல் கழுத்தில் டேப் சுற்றினேன். கால்கள் போர்டின் ஓட்டைக்கு ஒத்துவரவில்லை, அதனால் ஷீல்டு ஒயரில் இணைத்தேன். போர்டை விட்டுப் பிரிந்த பாட்டின் தகர உடலைச் சேசிஸில் சேர்க்க மறந்தால், கை பட்டதும் 'ம்ம்' என்று இரையும்.

எல்லாம் முடித்துப் போட்டேன். புது வால்யூம் பாட்டும் கரகரத்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மாமா ஒரே கேள்வி கேட்டார்: "பாட்டுல டிசி நிக்குதா பாத்தியா?" டிசி என்றால் நேர்மின்சாரம், அது பாட்டில் நின்றால் குமிழைத் திருப்பும்போது கரகரக்கும். மீட்டரை டிசியில் வைத்து 1க்கும் 3க்கும் நடுவே பார்த்தேன். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அங்கே சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. டிசியைத் தடுக்க முன்னால் இருந்த 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கசிந்திருக்கிறது. ஒரு வெள்ளிகூடப் பெறாத அந்தக் கெப்பாசிட்டரை மாற்றியதும் சத்தம் அடங்கியது. இன்று எந்தக் கரகரச் செட் வந்தாலும் முதலில் இதைத்தான் பார்க்கிறேன். மின்சாரம் இருக்கும்போது அளக்க வேண்டிய வேலை இது. ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு கையால் அளங்கள், பவர் சப்ளைப் பக்கம் போகாதீர்கள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் கோயிலில் கொண்டுபோய் வைத்தோம். முகப்புத் தகட்டில் மைக் குமிழுக்கு நேர் மேலே, 12 மணி இடத்தில், ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. நான் சுத்தம் செய்யும்போது அதை அழிக்காமல் விட்டிருந்தேன். தலைவர் வேறெதையும் பார்க்கவில்லை. குமிழைப் பொட்டுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினார். ஐயர் மைக்கில் பேசினார். ஊளையிடவில்லை, குரல் வாசல்வரை தெளிவாகப் போனது.

"ஒரு நூல் கூடுதலா இருக்கோ?" என்று கேட்டுவிட்டு, குமிழைப் பொட்டுக்கு ஒரு நூல் இடப்பக்கம் நகர்த்திவிட்டுத் தலைவர் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.